எக்ஸ்க்ளூசிவ் கேமுக்கு இனியும் கன்சோலை விற்கும் பலம் இருக்கிறதா?

சதுரப்பொத்தான்

ஹேலோ முதல் பாகத்தைப் புதிதாகச் செய்து சோனியின் பிஎஸ்5 (பிளேஸ்டேஷன் 5) கன்சோலிலும் வெளியிடப் போவதாக 2025 அக்டோபர் 24 அன்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. 2001-இல் மைக்ரோசாஃப்டின் முதல் கன்சோலான எக்ஸ்பாக்ஸை வீடுகளுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்ததே அந்த கேம்தான். அதையே எதிராளியின் கடையில் விற்கும் நிலைமை வந்துவிட்டது என்றால், எக்ஸ்க்ளூசிவ், அதாவது ஒரே நிறுவனத்தின் கன்சோலில் மட்டும் கிடைக்கும் கேம், என்ற வியாபாரம் எங்கேயோ கணக்கில் உதைக்கிறது.

உதைக்கும் இடம் செலவு. 2023-இல் ஆக்டிவிஷனை வாங்கும் விவகாரத்தில் அமெரிக்க வர்த்தக ஆணையம் மைக்ரோசாஃப்ட் மீது வழக்குப் போட்டபோது, சோனி தாக்கல் செய்த ஆவணத்தில் மறைக்கப் பூசிய கறுப்பு மை சரியாகப் படியாமல் இரண்டு கேம்களின் தயாரிப்புச் செலவு எண்கள் வெளியே தெரிந்துவிட்டன. லாஸ்ட் ஆஃப் அஸ் 2-க்கு 22 கோடி டாலர், ஹொரைசன் ஃபார்பிடன் வெஸ்டுக்கு 21.2 கோடி டாலர்.

கேமின் விலை 70 டாலர். சோனி தன் சொந்த ஆன்லைன் கடையில் விற்றால் வரி போக முழுப் பணமும் அவர்களுக்கே. வட்டாக விற்றால் கடைக்காரர் பங்கு, வட்டு, பெட்டி, சரக்குப் போக்குவரத்து எல்லாம் கழியும். ஆறு மாதத்தில் தள்ளுபடியும் ஆரம்பித்துவிடும். எல்லாவற்றையும் சேர்த்துச் சராசரியாகப் பிரதிக்கு 45 டாலர் கைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 22 கோடியைத் திருப்பி எடுக்கவே கிட்டத்தட்ட 49 லட்சம் பிரதி போக வேண்டும். விளம்பரச் செலவு இதில் வரவில்லை. நான்கைந்து வருடம் அந்தப் பணம் முடங்கிக் கிடப்பதும் வரவில்லை.

வாங்குகிற கூட்டமாவது பெருகுகிறதா? பிஎஸ்2 16 கோடி விற்றது, பிஎஸ்4 11.7 கோடி, பிஎஸ்5 2025 செப்டம்பர் முடிய 8.4 கோடி. கூட்டம் அப்படியே நிற்க, தயாரிப்புச் செலவு மட்டும் ஒவ்வொரு தலைமுறைக்கும் பல மடங்கு ஏறுகிறது. ஒரே கன்சோலுக்குள் கேமைப் பூட்டி வைப்பது இனி கட்டுப்படியாகாது. இது என் நிலைப்பாடு. மறுப்பவர்கள் எண்ணோடு வாருங்கள்.

பழையவட்டு

எண்ணோடே வருகிறேன் நண்பரே. உங்கள் கணக்கில் பிழையில்லை, ஆனால் தப்பான பேரேட்டில் எழுதியிருக்கிறீர்கள். சொந்த ஸ்டுடியோவில் செய்யும் எக்ஸ்க்ளூசிவ் தன் முதலைத் தானே எடுத்தாக வேண்டும் என்று எந்தக் கன்சோல் நிறுவனமும் பார்ப்பதில்லை. அது ஆளை உள்ளே கொண்டுவரும். உள்ளே வந்தவர் செய்யும் மற்றச் செலவில்தான் லாபம்.

ஒருவர் பிஎஸ்5 வாங்குகிறார். வருடத்துக்கு 70 டாலர் விலையில் வேறு நிறுவனங்களின் கேம் மூன்று எடுக்கிறார். ஒவ்வொன்றிலும் 30 சதவீதம் சோனிக்கு, அதாவது 63 டாலர். ஆன்லைனில் ஆட பிஎஸ் ப்ளஸ் அடிமட்டச் சந்தா வருடத்துக்கு 80 டாலர். இரண்டும் சேர்த்து 143. ஐந்து வருடத்துக்கு 715 டாலர். இந்த மாதிரி 10 லட்சம் பேரை எக்ஸ்க்ளூசிவ் இழுத்து வந்தால் 71.5 கோடி டாலர். உங்கள் 22 கோடி கேமை மூன்று முறை எடுக்கலாம், அதுவும் ஒரு பிரதிகூட விற்காமல்!

கையில் இருப்பதை எல்லோருக்கும் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு எக்ஸ்பாக்ஸே சாட்சி. 2024 பிப்ரவரியில் பென்டிமென்ட், ஹைஃபை ரஷ், கிரவுண்டட், சீ ஆஃப் தீவ்ஸ் நான்கையும் மற்றக் கன்சோல்களுக்குத் தருவதாகச் சொன்னார்கள். அதே வருடம் ஜூனில் முடிந்த காலாண்டில் எக்ஸ்பாக்ஸ் வன்பொருள் வருமானம் 42 சதவீதம் விழுந்தது. 2025 ஜூலை முதல் செப்டம்பர் வரை இன்னும் 29 சதவீதம். பெட்டியை வாங்கக் காரணம் இல்லாமல் போனால் யார் வாங்குவார்கள்?

சதுரப்பொத்தான்

உங்கள் கணக்கின் அஸ்திவாரமே அந்த 10 லட்சம் பேர்தான். அவர்கள் அந்த கேமுக்காக மட்டும் வந்தவர்கள், இல்லாவிட்டால் வந்திருக்கவே மாட்டார்கள் என்று எப்படிச் சொல்வது? பிஎஸ்5 வாங்குகிறவர்களில் பலர் கால் ஆஃப் டூட்டி, ஈஏ எஃப்சி, ஃபோர்ட்நைட் ஆடத்தான் வருகிறார்கள். மூன்றுமே எக்ஸ்பாக்ஸிலும் இருப்பவை. ஜிடிஏ 6-க்காகக் கன்சோல் வாங்கக் காத்திருக்கும் கூட்டத்தைப் பாருங்கள். அதுவும் எக்ஸ்க்ளூசிவ் கிடையாது.

2024 மே மாதம் சோனியே முதலீட்டாளர்களிடம் ஒரு படம் காட்டியது. அப்போது பிஎஸ்5 வெளியாகி மூன்றரை வருடம் ஆகியிருந்தது. ரேச்சட், ரிட்டர்னல், டீமன்ஸ் சோல்ஸ், ஸ்பைடர்மேன் 2 எல்லாம் பிஎஸ்4-க்கு இல்லாமல் வந்து முடிந்திருந்தன. அப்படியிருந்தும் மாதாமாதம் ஆடுகிறவர்களில் பிஎஸ்5-இல் 4.9 கோடி, பிஎஸ்4-இல் 4.9 கோடி. சரிபாதிப் பேர் பழைய பெட்டியை விட்டு நகரவே இல்லை. அதே நிறுவனத்தின் அடுத்த பெட்டிக்கே ஆளை நகர்த்த முடியாத எக்ஸ்க்ளூசிவ், எதிர் நிறுவனத்து ஆளை எப்படிக் கொண்டுவரும்?

எக்ஸ்பாக்ஸ் உதாரணமும் எனக்குத்தான் சாதகம். ஸ்டார்ஃபீல்ட் 2023 செப்டம்பர் 6 அன்று வந்தது. பிளேஸ்டேஷனுக்கு இல்லை. அதற்காகத்தான் பெதஸ்டாவின் தாய் நிறுவனத்தை 750 கோடி டாலர் பேசி வாங்கினார்கள் என்று அன்று எல்லோரும் எழுதினார்கள். அந்தக் காலாண்டில் எக்ஸ்பாக்ஸ் வன்பொருள் வருமானம் ஏறவில்லை, 7 சதவீதம் இறங்கியது. கேம் வெளியாவதற்கு நான்கு மாதம் முன்பே ஃபில் ஸ்பென்சர் ஒரு பேட்டியில் இதைச் சொல்லிவிட்டார்: ஸ்டார்ஃபீல்டுக்குப் பத்துக்குப் பதினொன்று மதிப்பெண் கிடைத்தாலும் யாரும் பிஎஸ்5-ஐ விற்றுவிட்டு வரப்போவதில்லை என்று. எக்ஸ்பாக்ஸ் ஒன் தலைமுறையில் தோற்றதுதான் மோசமான தோல்வி, ஏனென்றால் மக்கள் தங்கள் டிஜிட்டல் கேம் சேகரிப்பைக் கட்டிக்கொண்டது அப்போதுதான் என்றும் சொன்னார். அன்று எக்ஸ்பாக்ஸின் தலைவராக இருந்தவரே சொன்னது இது.

பழையவட்டு

ஸ்டார்ஃபீல்டை எக்ஸ்க்ளூசிவ் என்று எண்ணுவதை என்னால் ஏற்க முடியாது. அது முதல் நாளே பிசியில் இருந்தது, பிசி கேம் விற்கும் ஸ்டீம் ஆன்லைன் கடையிலும் இருந்தது, மைக்ரோசாஃப்டின் கேம் பாஸ் சந்தாவிலும் இருந்தது. நல்ல கிராபிக்ஸ் கார்டு வைத்திருப்பவருக்கு எக்ஸ்பாக்ஸ் எதற்கு? பெட்டியை வாங்க வேண்டிய கட்டாயத்தை மைக்ரோசாஃப்ட் 2018 ஜனவரியிலேயே கைகழுவிவிட்டது. சொந்த கேம் எல்லாம் வெளியாகும் அன்றே கேம் பாஸில் வரும் என்று அறிவித்தது அந்த மாதம்தான். 70 டாலர் கேமை மாதச் சந்தாவில் கொடுத்து, பிசியிலும் கொடுத்து, அப்புறம் பெட்டி விற்கவில்லை என்றால் குற்றம் எக்ஸ்க்ளூசிவ் மேலா?

பிஎஸ்3 காலத்தை மறந்துவிடாதீர்கள். 2006-இல் 599 டாலருக்கு இறக்கி அடி வாங்கினார்கள். பிறகு எழுந்தது எப்படி? 2009 ஆகஸ்டில் விலையை 299-க்குக் கொண்டுவந்தார்கள், அக்டோபரில் அன்சார்ட்டட் 2. தொடர்ந்து காட் ஆஃப் வார் 3, கடைசி வருடத்தில் லாஸ்ட் ஆஃப் அஸ். முடிவில் 8.7 கோடி விற்று எக்ஸ்பாக்ஸ் 360-ஐ எட்டிப் பிடித்தார்கள். விலைக் குறைப்பு கதவைத் திறந்தது. திறந்த கதவுக்குள் வர ஒரு காரணம் வேண்டுமே, அது அந்த கேம்கள்.

சதுரப்பொத்தான்

அன்சார்ட்டட் 2 இரண்டு கோடி டாலர் சுமாரில் முடிந்த காலம் அது. பத்து மடங்குக்கு மேல் செலவு ஏறிய பிறகும் அதே வாதம் நிற்குமா என்பதுதான் என் கேள்வி. பிளேஸ்டேஷனின் அமெரிக்கப் பிரிவை நடத்திய ஷான் லேடனே 2024-இல் சொன்னார், செலவு 20 கோடியைத் தாண்டினால் எக்ஸ்க்ளூசிவ் என்பது உங்களுக்கே பலவீனமாகிவிடுகிறது என்று.

பனைநிழல்

இரண்டு பேரும் கன்சோல் பெட்டியையே பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். பூட்டு இடம் மாறியதைக் கவனிக்கவில்லை. இப்போது பூட்டு பெட்டியில் இல்லை, அக்கவுண்டில் இருக்கிறது.

ஹெல்டைவர்ஸ் 2 2024 பிப்ரவரி 8-இல் பிஎஸ்5-க்கும் பிசிக்கும் ஒரே நாளில் வந்தது. 12 வாரத்தில் 1.2 கோடி பிரதி. அதுவரை பிளேஸ்டேஷன் கேம் எதுவும் அந்த வேகத்தில் விற்றதில்லை. ஸ்டீமில் ஒரே நேரத்தில் 4.5 லட்சம் பேருக்கு மேல் ஆடினார்கள். மே மாதத் தொடக்கத்தில், பிசியில் ஆடுகிறவர்களும் பிளேஸ்டேஷனின் ஆன்லைன் சேவையான பிஎஸ்என்-இன் அக்கவுண்டை இணைத்தே ஆக வேண்டும் என்று சோனி சொன்னது. பிஎஸ்என் சேவை இல்லாத நாடுகள் எத்தனையோ. 177 நாடுகளிலும் ஆட்சிப் பகுதிகளிலும் ஸ்டீமில் விற்பனையே நின்றது. இலங்கையும் அதற்குள் அடங்கும். இங்கே பிஎஸ்என் அதிகாரபூர்வமாக இல்லை. காசு கொடுத்து வாங்கிய கேமைத் தொடர வேண்டும் என்றால் வேறு நாட்டு முகவரி போட்டு அக்கவுண்ட் திறக்க வேண்டும், அது அவர்களின் விதிமுறைக்கே விரோதம். ஸ்டீமில் எதிர்மறை மதிப்புரைகள் குவிந்தன, சில நாளிலேயே சோனி பின்வாங்கியது. ஆனபடியால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். அதே மாதம் பிசிக்கு வந்த கோஸ்ட் ஆஃப் சுஷிமாவும் அந்த நாடுகளில் விற்பனைக்கு வரவில்லை, கேமின் பெரும்பகுதி தனியாள் ஆட்டமாக இருந்தும்கூட. செப்டம்பரில் வந்த காட் ஆஃப் வார் ரக்னராக்கில் தனியாக ஆடவே பிஎஸ்என் கட்டாயம். 2025 ஜனவரியில்தான் நாலு கேமுக்கு அந்தக் கட்டாயத்தை எடுத்தார்கள்.

மறுபக்கமும் இதே கதைதான். பிஎஸ்5-இல் ஃபோர்ஸா ஹொரைசன் 5 ஆட மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் கட்டாயம். கேமை எங்கே ஆடினாலும் ஆள் தங்கள் பதிவேட்டில் இருக்க வேண்டும் என்பதுதான் இருவரின் எண்ணமும். எக்ஸ்க்ளூசிவின் மதிப்புக் குறைந்தது என்று சந்தோஷப்படுகிறவர்கள், அதன் இடத்தில் என்ன வந்து உட்கார்ந்தது என்பதையும் பார்க்க வேண்டும். எங்களுக்கு முன்பு பெட்டியாவது இறக்குமதி செய்து ஆட முடிந்தது.

ஷேடர்கொத்தன்

வியாபாரம் பேசுகிறவர்கள் பேசட்டும். ஒரு கேமை ஒரே கன்சோலில் நிறுத்தி வைத்த தொழில்நுட்பச் சுவர் இடிந்துபோனதை யாரும் தொடவில்லை. என் கணிப்பில் பாதிக் காரணம் அங்கேதான் இருக்கிறது.

பிஎஸ்3-இல் செல் ப்ராசஸர். ஒரு பொதுக் கோர், அதோடு கேமுக்குக் கிடைக்கும் ஆறு எஸ்பியு என்ற துணைக் கோர். ஒவ்வொரு எஸ்பியுவுக்கும் 256 கேபி சொந்த நினைவகம்தான். டேட்டாவைத் துண்டு துண்டாக டிஎம்ஏ என்ற நேரடி நினைவகப் பரிமாற்றம் மூலம் உள்ளே இழுத்து, வேலை முடித்து, திரும்ப வெளியே தள்ள வேண்டும். ராம் 256 எம்பி ஒருபக்கம், வீடியோ ராம் 256 எம்பி மறுபக்கம். எக்ஸ்பாக்ஸ் 360-இல் 512 எம்பியும் ஒரே குளம். 360-க்கு எழுதியதை பிஎஸ்3-க்குக் கொண்டுபோனால் எஞ்சினின், அதாவது கேமை இயக்கும் மென்பொருளின், அடிப்பகுதியையே திரும்ப எழுத வேண்டியிருந்தது. ஸ்கைரிம் பிஎஸ்3-இல் சேவ் ஃபைல் பெருகப் பெருக நொண்டி அடித்தது நினைவிருக்கும். உலகத்தில் நீங்கள் நகர்த்திய ஒவ்வொரு பொருளும் சேவில் ஏறும், அதைத் தாங்க அந்தப் பிரிந்த ராமில் இடமில்லை.

2013-இல் பிஎஸ்4, எக்ஸ்பாக்ஸ் ஒன் இரண்டுமே ஏஎம்டி ஜாக்வார் எட்டு கோர் ப்ராசஸர். 2020-இல் இரண்டுமே ஏஎம்டியின் ஜென் 2 சிபியு, ஆர்டிஎன்ஏ 2 ஜிபியு, 16 ஜிபி நினைவகம். பிசியும் அதே குடும்பம். வித்தியாசம் இப்போது அளவில்தான். பிஎஸ்5-இல் 36 சியு (கிராபிக்ஸ் கணிப்பு அலகு), எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸில் 52 சியு. எஸ்எஸ்டி வேகம் விநாடிக்கு 5.5 ஜிபி ஒருபக்கம், 2.4 ஜிபி மறுபக்கம்.

"பிஎஸ்5 எஸ்எஸ்டி இல்லாமல் இது ஓடவே ஓடாது" என்று விளம்பரம் செய்த கேம் ரேச்சட் அண்ட் கிளாங்க் ரிஃப்ட் அபார்ட். சோனி 2021-இல் வாங்கிய நிக்ஸஸ் அதை 2023 ஜூலையில் பிசிக்குக் கொண்டுவந்தது. எஸ்எஸ்டியிலிருந்து டேட்டாவை வேகமாக இழுக்கும் டைரக்ட்ஸ்டோரேஜ் போட்டு, டெக்ஸ்சரை, அதாவது பரப்புகளின் படங்களை, ஜிபியுவிலேயே விரித்தார்கள். சாதாரண எஸ்எஸ்டியில் நன்றாக ஓடியது. கையடக்க ஸ்டீம் டெக்கிலும் ஓடியது.

சுவர் இல்லை என்றதும் போர்ட் செய்வது, அதாவது ஒரு தளத்தின் கேமை வேறு தளத்துக்கு மாற்றுவது, எளிது என்று நினைக்காதீர்கள். தடுக்கிவிழும் இடங்கள் வேறு. லாஸ்ட் ஆஃப் அஸ் பாகம் 1 பிசிக்கு 2023 மார்ச்சில் வந்து அடிவாங்கியது மூன்று காரணத்தால்.

முதலாவது ஷேடர், ஒளியையும் நிறத்தையும் வரையும் சிறு நிரல். கன்சோலில் ஒரே ஜிபியு. ஷேடர் எல்லாம் முன்கூட்டியே கம்பைல் ஆகி வட்டிலேயே வரும். பிசியில் ஒவ்வொரு கார்டுக்கும், ஒவ்வொரு டிரைவர் பதிப்புக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். அந்த கேம் எல்லாவற்றையும் முதல் திரையிலேயே செய்ய முயன்றது, பழைய நாலு, ஆறு கோர் ப்ராசஸரில் மணிக்கணக்காக உட்காரவைத்தது. முன்கூட்டிச் செய்யாமல் ஆடும்போதே செய்தால் புது இடத்துக்குள் நுழையும்போதெல்லாம் திக்கும். இரண்டில் ஒன்றை நிதானமாகச் சமன் செய்யத்தான் நேரம் வேண்டும்.

இரண்டாவது நினைவகம். பிஎஸ்5-இல் 16 ஜிபியும் சிபியு, ஜிபியு இரண்டுக்கும் பொது. பிசியில் ராம் தனி, வீடியோ ராம் தனி. கன்சோலுக்குச் செய்த டெக்ஸ்சர் தொகுப்பை அப்படியே கொண்டுவந்ததால் 8 ஜிபி கார்டில் ஹை வைத்தால் நிரம்பி வழிந்தது, மீடியம் வைத்தால் சுவரெல்லாம் மெழுகு மாதிரி தெரிந்தது. பிறகு அப்டேட்களில் மீடியம் டெக்ஸ்சர்களையே புதிதாகச் செய்துதான் சரிப்படுத்தினார்கள்.

மூன்றாவது டேட்டாவை விரிப்பது. பிஎஸ்5-இல் அதற்குத் தனி சிலிக்கான் உண்டு. பிசியில் அந்தச் சுமை சிபியு தலையில். அதனால்தான் சும்மா நடந்து போகும்போதுகூட ப்ராசஸர் 80, 90 சதவீதம் காட்டியது.

இதே கேமை எக்ஸ்பாக்ஸின் விலை குறைந்த பெட்டியான சீரிஸ் எஸ்ஸுக்குக் கொண்டுபோனால் பாடு இன்னும் அதிகம். அதில் மொத்தமே 10 ஜிபி, அதிலும் 8 ஜிபிதான் வேகமானது. பால்டர்ஸ் கேட் 3 எக்ஸ்பாக்ஸுக்கு மூன்று மாதம் தாமதமாக 2023 டிசம்பரில் வந்தது இதனால்தான். திரையை இரண்டாகப் பிரித்து ஆடும் வசதி சீரிஸ் எஸ்ஸில் நிற்கவில்லை. அதை எஸ்ஸில் மட்டும் விட்டுவிட மைக்ரோசாஃப்ட் சம்மதித்த பிறகுதான் ரிலீஸ்.

நுனிவிரல்

எல்லாம் சரி. நின்டென்டோவை என்ன செய்யப் போகிறீர்கள்? ஒரு கேமைக்கூட மற்றக் கன்சோலுக்கோ பிசிக்கோ விடுவதில்லை. சுவிட்ச் 2025 செப்டம்பர் முடிய 15.4 கோடி. சுவிட்ச் 2 நாலே நாளில் 35 லட்சம். எக்ஸ்க்ளூசிவ் மதிப்பிழந்துவிட்டது என்கிறவர் முதலில் அதற்குப் பதில் சொல்லட்டும்.

சதுரப்பொத்தான்

சொல்கிறேன். மரியோ கார்ட் 8-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். கிட்டத்தட்ட ஒரே கேம் இரண்டு பெட்டியில் வந்தது. 2014-இல் நின்டென்டோவின் முந்தைய கன்சோலான வீ யூவில், 2017-இல் டீலக்ஸ் பதிப்பாகச் சுவிட்சில். வீ யூ வைத்திருந்தவர்களில் பத்துக்கு ஆறு பேர் வாங்கினார்கள், 84 லட்சம் பிரதி. எந்த கேமும் ஆசைப்படும் விகிதம். அப்படியும் அந்தப் பெட்டி 1.36 கோடியோடு முடங்கியது. சுவிட்சில் அதே கேம் 6.8 கோடிக்கு மேல். கேம் மாறவில்லை, பெட்டி மாறியது. கையிலும் தூக்கலாம், டிவியிலும் மாட்டலாம் என்ற வடிவம்தான் சுவிட்சை விற்றது. கேம் விற்றிருந்தால் வீ யூவும் விற்றிருக்க வேண்டும்.

பழையவட்டு

இல்லை நண்பரே. 2017 மார்ச்சில் அமெரிக்காவில் விற்ற சுவிட்ச் 9.06 லட்சம். அதே மாதம் அங்கே விற்ற ஸெல்டா பிரெத் ஆஃப் தி வைல்டின் சுவிட்ச் பிரதி 9.25 லட்சம். பெட்டியைவிடக் கேம் அதிகம்! பெட்டி கிடைக்காதவர்கள்கூடக் கேமை வாங்கி வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டுமா?

சதுரப்பொத்தான்

அந்த ஸெல்டா அதே நாளில் வீ யூவிலும் வெளியானது. சுவிட்சில் மட்டும் கிடைக்கும் கேமாக அது இருக்கவில்லை.

பழையவட்டு

இரண்டுமே நின்டென்டோவின் பெட்டிதானே. வெளியே எங்கும் கிடைக்காது என்பதுதான் விஷயம்.

இன்னொன்று கவனியுங்கள். நின்டென்டோ விலையைக் காப்பாற்றுகிறது. மரியோ கார்ட் 8 டீலக்ஸ் 2017-இல் 60 டாலர், இன்றும் அதே பட்டியல் விலை. சோனி கேம் ஒரு வருடத்தில் பாதி விலைக்கு வருகிறது. ஏன்? இன்னும் கொஞ்ச நாளில் பிசியில் வரும், அங்கே தள்ளுபடியும் வரும் என்று வாங்குகிறவருக்குத் தெரியும். காட் ஆஃப் வார் பிசிக்கு வர நாலு வருடம் ஆனது. ஸ்பைடர்மேன் 2 பதினைந்தே மாதத்தில் வந்துவிட்டது. இடைவெளி சுருங்கச் சுருங்கப் பொறுத்திருப்பவர் எண்ணிக்கை கூடும். எக்ஸ்க்ளூசிவின் மதிப்பு தானாகக் குறையவில்லை. வைத்திருப்பவர்களே அரிந்து அரிந்து குறைத்தார்கள்.

ஷேடர்கொத்தன்

நின்டென்டோவுக்கு இன்னொரு காரணமும் உண்டு. அவர்கள் கேம் 22 கோடியில் செய்யும் ரகம் இல்லை. 2017-இல் வந்த சுவிட்சில் 4 ஜிபி ராம், மொபைல் வகைச் சிப். அந்த வரம்புக்குள் கலைப்பணியைச் செய்தால் ஒரு முகத்துக்கு ஆயிரக்கணக்கான மணி நேரம் போகாது. சதுரப்பொத்தானின் முதல் பதிவில் இருக்கும் செலவுக் கணக்கே அவர்களுக்குப் பொருந்தாது.

சதுரப்பொத்தான்

அதை ஏற்கிறேன், அது என் வாதத்துக்கே பலம். செலவு குறைவாக இருக்கிற இடத்தில்தான் பூட்டி வைக்க முடிகிறது.

பிசி பற்றிப் பழையவட்டு சொன்னதற்கு ஒரு கணக்கு. ஸ்டீம் முதல் ஒரு கோடி டாலர் வருமானத்துக்கு 30 சதவீதம் எடுக்கும், ஒன்றிலிருந்து ஐந்து கோடி வரை 25, அதற்கு மேல் 20. ஒரு போர்ட் பத்துக் கோடி டாலர் விற்றால் ஸ்டீமுக்கு 30 லட்சம், ஒரு கோடி, இன்னொரு ஒரு கோடி, ஆக 2.3 கோடி. மீதி 7.7 கோடி. கேம் ஏற்கெனவே முடிந்த கேம், போர்ட் குழுவுக்கு ஆகும் செலவு மூலச் செலவில் சிறு பங்கு. 22 கோடி மாட்டிக்கிடக்கிற நிறுவனம் இதை வேண்டாம் என்று சொல்லுமா? 2024 பிப்ரவரியில் சோனியின் ஹிரோக்கி தொதோகி லாப விகிதத்தைக் கூட்ட வேறு தளங்களுக்கும் தீவிரமாகப் போக வேண்டும் என்று வெளிப்படையாகவே சொன்னார்.

வெளி நிறுவனங்கள் இதை இன்னும் கசப்பாக உணர்ந்தன. ஃபைனல் ஃபேன்டஸி 15 2016-இல் இரண்டு கன்சோலில் வந்து முதல் நாளே 50 லட்சம். 16-ஆம் பாகம் 2023-இல் பிஎஸ்5-இல் மட்டும் வந்து முதல் வாரத்தில் 30 லட்சம். சோனி கொடுத்த ஆதரவு அந்த இடைவெளியை நிரப்பியிருந்தால் 2024 மே மாதம் ஸ்கொயர் எனிக்ஸ் இனிமேல் எல்லாத் தளத்துக்கும் போவோம் என்று திட்டத்தையே மாற்றியிருக்காது. 16 இப்போது பிசியில் இருக்கிறது, 2025 ஜூனிலிருந்து எக்ஸ்பாக்ஸிலும் இருக்கிறது.

பழையவட்டு

வெளி நிறுவனத்தின் கேமை ஆறு மாதம், ஒரு வருடம் காசு கொடுத்து நிறுத்தி வைப்பதை நான் ஒருநாளும் ஆதரித்ததில்லை. எங்கும் வரக்கூடிய கேமைத் தடுப்பது அது. ரைஸ் ஆஃப் தி டூம்ப் ரைடரை 2015-இல் எக்ஸ்பாக்ஸ் அப்படித்தான் பிடித்து வைத்தது, பிஎஸ்4-க்கு வர ஒரு வருடம் ஆனது. எக்ஸ்பாக்ஸுக்கு அதனால் என்ன மிஞ்சியது?

ஆனால் எக்ஸ்க்ளூசிவ் என்பதால் மட்டுமே பிறந்த கேம்கள் இருக்கின்றன. பேயோனெட்டா 2-ஐ செகா கைவிட்டது. நின்டென்டோ பணம் போட்டது, 2014-இல் வீ யூவில் வந்தது. அந்தப் பணம் இல்லையென்றால் அந்த கேம் எந்தப் பெட்டியிலும் இல்லை. 2024-இல் ஆண்டின் சிறந்த கேம் விருது வாங்கிய ஆஸ்ட்ரோ பாட்டைப் பாருங்கள். கைப்பிடியின் அதிர்வையும் ட்ரிகர் எதிர்ப்பையும் மணல், கண்ணாடி, உலோகம் என்று ஒவ்வொரு தரைக்கும் தனித்தனியாகச் செய்திருக்கிறார்கள். ஒரே கைப்பிடிக்குச் செய்கிறோம் என்ற நிச்சயம் இருந்தால்தான் அந்த வேலைக்கு ஆள் போடுவார்கள். பிசியில் பிஎஸ்5-இன் கைப்பிடியான டூயல்சென்ஸின் முழு அதிர்வும் வேண்டுமென்றால் பெரும்பாலும் கேபிள் மாட்ட வேண்டும்.

எல்லாத் தளத்துக்கும் போனால் ஸ்டுடியோ பிழைக்கும் என்று சொல்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். ஹைஃபை ரஷ் 2024 மார்ச்சில் பிஎஸ்5-க்குப் போனது. அதைச் செய்த டேங்கோ கேம்வொர்க்ஸை மே 7 அன்று மூடுகிறோம் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. ஆகஸ்டில் தென்கொரியாவின் கிராஃப்டன் எடுத்துக்கொண்டதால்தான் அந்தக் குழு தப்பியது. பூட்டைத் திறந்ததில் அவர்களுக்குக் கிடைத்தது ஏழு வாரம்.

நுனிவிரல்

படிக்கப் படிக்க எனக்கு ஒன்று தோன்றுகிறது. சதுரப்பொத்தான் சொல்வது புது ஆளைக் கொண்டுவருவது பற்றி. பழையவட்டு சொல்வது இருக்கிற ஆளை நிறுத்தி வைப்பது பற்றி. ஸ்டார்ஃபீல்ட் புது ஆளைக் கொண்டுவரவில்லை, அது உண்மை. எல்லாவற்றையும் வெளியே விட்ட பிறகு இருந்த ஆளும் எக்ஸ்பாக்ஸை விட்டுக் கிளம்பினார்கள், அதுவும் உண்மை. ஏற்றுவதற்கு உதவாதது இறங்காமல் தடுக்க உதவியிருக்கலாம் இல்லையா?

சதுரப்பொத்தான்

முதல் பாதி சரி. கிளம்பியதற்கு எக்ஸ்க்ளூசிவ் போனது மட்டும் காரணம் என்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை. சீரிஸ் எக்ஸ் 2020-இல் 499 டாலர். 2025 மே மாதம் 599, அக்டோபரில் 649. கேம் பாஸ் அல்டிமேட் அதே அக்டோபரில் மாதம் 19.99-இலிருந்து 29.99. ஐந்து வருடப் பழைய பெட்டி விலை ஏறினால் எந்த கேமைப் பூட்டி வைத்தாலும் ஆள் நிற்க மாட்டார்.

நீங்கள் சொன்ன "நிறுத்தி வைக்கும்" மதிப்பை மட்டும் எடுத்துக்கொண்டால்கூட, அதற்கு 20 கோடி டாலர் கேம் தேவையா என்று யோசிக்க வேண்டும். வாங்கிச் சேர்த்த டிஜிட்டல் கேம்களும் நண்பர் பட்டியலுமே அந்த வேலையைச் செய்கின்றன, கூடுதல் செலவில்லாமல்.

பனைநிழல்

விலை பற்றி வந்ததால் ஒன்று. பெட்டிக்கு மானியம் கொடுத்து நட்டத்தில் விற்ற காலத்தில் பூட்டிய கேமுக்கு ஒரு நியாயம் இருந்தது: பெட்டியில் போனதைக் கேமில் எடுப்பார்கள். இப்போது பெட்டியும் முழு விலை, கேமும் பூட்டு, ஆன்லைனுக்குச் சந்தா, அதற்கு மேல் அக்கவுண்ட். வாங்குகிறவருக்கு விட்டுக்கொடுத்தது எது?

பழையவட்டு

அந்தக் கேள்வி நியாயமானது. ஆனால் பூட்டை எடுத்ததால் விலை இறங்கியதா? எக்ஸ்பாக்ஸ்தான் அதிகம் திறந்துவிட்டது, 2025-இல் எக்ஸ்பாக்ஸ்தான் அதிகம் ஏற்றியது. கேம் வித்தியாசமே இல்லாத இரண்டு பெட்டிகளில் ஒன்று சீக்கிரம் சந்தையை விட்டுப் போகும். மிஞ்சும் ஒன்றிடம் விலை பேச யாருக்கும் பிடி இருக்காது. எக்ஸ்க்ளூசிவ் போட்டியால்தான் 2009-இல் 299 கிடைத்தது.

ஷேடர்கொத்தனிடம் ஒரு கேள்வி. ஹேலோ புதுப்பதிப்பு பிஎஸ்5-க்குப் போவது மேலிடம் கடைசி நேரத்தில் எடுத்த முடிவா, இல்லை செய்யும்போதே அப்படித்தான் செய்தார்களா? நாளைக்கு மனம் மாறித் திரும்பப் பூட்ட முடியுமா?

ஷேடர்கொத்தன்

மேலிடத்தில் எப்போது முடிவெடுத்தார்கள் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். எஞ்சினைப் பார்த்து நான் சொல்லக்கூடியது இது.

ஹேலோ இன்ஃபினிட் ஓடியது அவர்களின் சொந்த எஞ்சினான ஸ்லிப்ஸ்பேஸில். அது விண்டோஸையும் எக்ஸ்பாக்ஸையும் மட்டும் மனதில் வைத்துச் செய்தது. அதை பிஎஸ்5-க்குக் கொண்டுபோக வேண்டும் என்றால் மைக்ரோசாஃப்டின் கிராபிக்ஸ் அடுக்கான டைரக்ட்எக்ஸ் அழைப்புகளைச் சோனியின் கிராபிக்ஸ் அடுக்குக்கு மாற்றி எழுத வேண்டும், ஷேடர் மொழி வேறு, ஃபைல் வாசிக்கும் முறை வேறு, ஒலி அடுக்கு வேறு. ஃபோர்ஸா ஹொரைசன் 5 மைக்ரோசாஃப்டின் சொந்த எஞ்சினில் இருந்ததால் அதை பிஎஸ்5-க்குக் கொண்டுபோகும் வேலை பேனிக் பட்டன் என்ற வெளிக் குழுவிடம் போனது. வந்தது 2025 ஏப்ரலில், எக்ஸ்பாக்ஸில் வெளியாகி மூன்றரை வருடம் கழித்து. அப்படியும் எக்ஸ்பாக்ஸ் சேவ் ஃபைல் பிஎஸ்5-க்கு வராது, தொடக்கத்திலிருந்துதான் ஆட வேண்டும்.

2024 அக்டோபரில் ஹேலோ ஸ்டுடியோ அன்ரியல் 5-க்கு மாறுவதாக அறிவித்தது. புதுப்பதிப்பும் அன்ரியலில்தான். அன்ரியல் எஞ்சினில் பிஎஸ்5 ஆதரவை அதைச் செய்யும் எபிக் நிறுவனம் ஏற்கெனவே எழுதி வைத்திருக்கிறது. சோனியிடம் டெவ்கிட் என்ற சோதனைக் கன்சோலும் அனுமதியும் வாங்கிவிட்டால், அதே மூலத்திலிருந்து பிஎஸ்5 பில்டை, அதாவது பிஎஸ்5-இல் ஓடும் பதிப்பை, எடுக்கலாம். மீதி வேலை மூன்று இடத்தில்: லாகின், நண்பர் அழைப்பு, டிராபி ஆகியவற்றைச் சோனி சேவையோடு இணைப்பது, மெமரியும் பிரேம் நேரமும் அளந்து சரிசெய்வது, சோனியின் சான்றிதழ்ச் சோதனை. கடைசியில்தான் அதிகம் திரும்பி வரும். கைப்பிடி பேட்டரி தீர்ந்தால் கேம் தானாக நிற்கிறதா, கன்சோலை உறங்கவைத்து எழுப்பினால் ஆன்லைன் இணைப்பு ஒழுங்காக அறுந்து சேர்கிறதா, இரண்டாவது ஆள் பாதியில் லாக்அவுட் ஆனால் என்ன ஆகிறது என்று பார்ப்பார்கள். ஒன்று தவறினாலும் திருத்தித் திரும்ப அனுப்ப வேண்டும், ரிலீஸ் தேதி தள்ளும். புதுப்பதிப்பில் எதிர்த்து ஆடும் மல்டிபிளேயர் இல்லை, நாலு பேர் சேர்ந்து ஆடும் கேம்பெயின்தான். அதனால் இணைக்க வேண்டிய ஆன்லைன் பகுதியும் குறைவு.

திரும்பப் பூட்ட முடியுமா என்றால், முடியும். பில்டை வெளியிடாமல் நிறுத்தினால் போதும், தொழில்நுட்பம் தடுக்காது. ஆனால் முன்பு பூட்டி வைப்பது இலவசமாக நடந்தது, திறப்பதற்குத்தான் செலவு. அன்ரியலுக்கு மாறிய ஸ்டுடியோவில் திறந்து வைப்பதற்கு ஆகும் செலவு சில பேரின் சில மாதச் சம்பளம். பூட்ட வேண்டும் என்கிறவர் ஒவ்வொரு முறையும் கணக்குப் பிரிவின் முன்னால் போய், கோடிக்கணக்கான பிஎஸ்5 வைத்திருப்பவர்களிடம் வரக்கூடிய பணத்தை வேண்டாம் என்கிறோம், காரணம் இது, என்று எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும். பழையவட்டின் 715 டாலர் கணக்கை அங்கே கொண்டுபோனால் எடுபடும், அந்த 10 லட்சம் பேர் யார் என்று காட்ட முடிந்தால்.